மாஸ்டருக்கும் ஒரு ஓட்டுதான்

முதலாளியம்மா தையற்கூடத்தை விட்டுப் போகப்போகிறார் என்ற செய்தி கசிந்த நாளிலிருந்து கட்டிங் மாஸ்டரின் நடையே மாறிவிட்டது. அதுவரை அளவு நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தன் மேசைக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் சாதாரணமாகப் போய் வந்தவர், இப்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தையல் மெஷின்களுக்கு இடையே உலா வந்தார். யாராவது தைத்து வைத்த சட்டையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ம்ம்" என்பார். நல்லா இருக்கிறது என்கிறாரா, நாசமாகப் போச்சு என்கிறாரா, அந்த "ம்ம்"மிலிருந்து யாருக்கும் விளங்காது. முதலாளி என்றால் அப்படித்தான் விளங்காமல் பேச வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அவர் நினைப்பில் பெரிய தப்பும் இல்லை. முதலாளியம்மாவுக்கு வயதாகிவிட்டது, மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். மகளுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே தெரியாது. கடை ஆரம்பித்த காலத்திலிருந்து கூடவே இருப்பவர் மாஸ்டர். அவர் வெட்டிக் கொடுக்காவிட்டால் மற்ற ஐந்து பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பின்னே வேறு யாருக்குக் கொடுப்பார்?

"நாற்காலியை மட்டும் மாத்தணும்" என்று மனைவியிடம் சொன்னார். "அந்தம்மா நாற்காலி எனக்குச் சின்னது."

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் லேபிளைப் படிக்காமல் நம்ப மாட்டாள். "அவங்க வாயைத் திறந்து சொன்னாங்களா?"

"சொல்லணுமா என்ன? கண்ணைப் பார்த்தாலே தெரியுது."

"அந்தம்மாவுக்குக் கண்ணுல புரை. சும்மாவே அப்படித்தான் பார்ப்பாங்க" என்றாள் அவள்.

முதலாளியம்மா கிளம்புகிற அன்று ஆறு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தத் தையற்கூடம். ஓட்டல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று சீருடை தைத்துக் கொடுப்பதுதான் தொழில். மாஸ்டர் தலையை வாரி, புதுச் சட்டை போட்டு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் இஸ்திரி அண்ணன். பக்கத்தில் பொத்தானும் அதற்கான துளையான காஜாவும் பார்க்கிற காஜா அக்கா. அப்புறம் துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற பெண். இருப்பவர்களிலேயே சின்னவள், வாய் மட்டும் பெரிசு. காலரைத் தவிர வேறு எதையும் தைக்காத காலர்காரர். கடைசியில் கதவை ஒட்டி, கையில் துடைப்பத்தோடு கூட்டுகிற அக்கா. கூட்டுவது, துணிக் கழிவை அள்ளுவது, தேநீர் வாங்கி வருவது, கழிவறை கழுவுவது எல்லாம் அவள் வேலை.

"விக்கிறதுக்கு மனசு வரலை" என்றார் முதலாளியம்மா. "ஒருத்தர் கையில குடுத்தா மத்த அஞ்சு பேரும் எனக்கு சாபம் விடுவீங்க. அதனால ஆறு பேருக்கும் சமமா எழுதி வச்சிட்டேன். எதுன்னாலும் உக்காந்து பேசி, கை தூக்கி முடிவு பண்ணுங்க. ஆளுக்கு ஒரு ஓட்டு."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"சமம்னா... கொஞ்சம் கூடக்குறைய இருக்குமில்லம்மா?"

"சமம்னா சமம்தான் மாஸ்டர். கால்சட்டையோட ரெண்டு காலையும் நீங்க கூடக்குறையவா வெட்டுவீங்க?"

சொல்லிவிட்டு, எல்லாரையும் ஒரு தடவை கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை முதல் கூட்டம். வெட்டும் மேசையைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். சமம் என்றாலும் தலைமை என்று ஒன்று வேண்டுமே, அது தானாகத் தன்னிடம் வந்து சேரும் என்று மாஸ்டர் மனப்பால் குடித்துக்கொண்டிருந்தார். யாராவது தன் பெயரைச் சொன்னால் "ஐயய்யோ, எனக்கு எதுக்கு" என்று ஒரு தடவை மறுப்பது, இரண்டாவது தடவை சொன்னால் ஒப்புக்கொள்வது என்று வீட்டிலேயே முடிவு பண்ணி வந்திருந்தார். ஆனால் முதலில் வாயைத் திறந்தது கூட்டுகிற அக்கா.

"ஒரு சந்தேகம். கக்கூஸை இனிமே யாரு கழுவுறது?"

மாஸ்டர் சிரித்தார். "இதென்ன கேள்வி? அது உன் வேலைதானேம்மா."

"நேத்து வரைக்கும் என் வேலை. முதலாளி சொன்னாங்க, செஞ்சேன். இன்னைக்கு யாரு முதலாளி?"

"நாமதான்."

"நாமன்னா நானும் உண்டுல்ல?"

"உண்டு."

"அதான், காலையில வந்ததும் முதலாளிங்கிற முறையில என்கிட்டயே கேட்டேன். முடியாதுன்னு சொல்லிட்டேன்."

ஓவர்லாக் பெண் மேசையைத் தட்டிச் சிரித்தாள். காஜா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "வேலைன்னு ஒண்ணு இருக்குல்ல. நான் வெட்டுறேன், அவரு தேய்க்கிறாரு. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்க்கணும்."

"துணி வெட்டுறது நீங்க மட்டும்தான். சரி. ஆனா கக்கூஸுக்குப் போறது நான் மட்டும் இல்லையே" என்றாள் அவள்.

வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக் கழுவலாமா என்று காஜா அக்கா கேட்டபோது நான்கு கைகள் மேலே போயின. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டார். காலர்காரர், "நான் நடுநிலை" என்றார். அவர் எப்போதும் நடுநிலைதான்; தன் கல்யாணத்தின்போதுகூட அப்படித்தான் இருந்திருப்பார் என்று காஜா அக்கா சொல்வாள். யார் முதல் வாரம் என்று சீட்டு குலுக்கிப் போட்டார்கள். வந்தது மாஸ்டர்.

"அதை அப்புறம் பார்க்கலாம்" என்று அவசரமாக விஷயத்தை மாற்றினார். "முதல்ல ஒரு தலைவர் வேணும். மூணு மாசத்துக்கு ஒருத்தர். ரகசிய ஓட்டு. யாருக்கும் மனசு நோகக்கூடாது பாருங்க."

துண்டுத் தாளில் ஆளுக்கு ஒரு பெயர் எழுதி, நூல்கண்டு வருகிற அட்டைப் பெட்டியில் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. எல்லாரும் அவரவர் பெயரையே எழுதியிருக்கிறார்கள், நடுநிலைக்காரர் உட்பட. முந்தின நாள் தோளில் கை போட்டு "நீங்கதான் மாஸ்டர், வேற யாரு" என்று சொன்ன இஸ்திரி அண்ணன், ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"இது செல்லாது" என்றார் மாஸ்டர். "யாரும் தன் பேரைத் தானே எழுதக்கூடாது. இன்னொரு தடவை."

இந்தத் தடவை அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப யோசித்தார். இஸ்திரிக்குப் போட்டால் அவன் ஜெயித்துத் தொலைப்பான். காஜா அக்காவுக்குப் போட்டால் அவளும் ஜெயிக்கக்கூடும். ஜெயிக்கவே முடியாத ஆளுக்குப் போட்டு ஓட்டை வீணாக்குவதுதான் புத்திசாலித்தனம். கூட்டுகிற அக்கா என்று எழுதி மடித்துப் போட்டார்.

பெட்டியைத் திறந்தால், அந்த அறையில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை என்று தெரிந்தது. கூட்டுகிற அக்காவுக்கு ஐந்து ஓட்டு. மாஸ்டருக்கு ஒன்று.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓட்டை வீணாக்கத்தான் உனக்குப் போட்டேன்" என்று எப்படிச் சொல்வது? கூட்டுகிற அக்காவுக்கோ கண் கலங்கிவிட்டது. "என்மேல இவ்வளவு நம்பிக்கையா?" என்று துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். வேறு வழி?

பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதுதான் மாஸ்டருக்குக் கணக்கு உதித்தது. தன்னைச் சேர்த்து ஐந்து பேரும் அவளுக்குப் போட்டுவிட்டார்கள். அவள் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. அப்படியானால் தனக்கு விழுந்த அந்த ஒற்றை ஓட்டு அவள் போட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"கூட்டுற அம்மா தலைவர் ஆயிடுச்சு."

"உங்களுக்கு?"

அவர் முணுமுணுத்தார். அவள் திரும்பக் கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. "இந்த வாரம் கக்கூஸ்."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க! சரி, எப்படிக் கழுவணும்னாவது தெரியுமா? இத்தனை வருஷத்துல இந்த வீட்டுல ஒரு நாள் கழுவியிருப்பீங்களா?"

"அதெல்லாம் தெரியும்" என்றார். தெரியாது.

மறுநாள் இஸ்திரி அண்ணனைத் தனியாக அழைத்துப் போய், "நீ செஞ்சிடுறியா, உன் பசங்களுக்கு சட்டை வெட்டித் தர்றேன்" என்று பேரம் பேசிப் பார்த்தார். இஸ்திரி யோசிக்கிற நேரத்தில் பின்னாலிருந்து தலைவரின் குரல் வந்தது: "ஓட்டை விக்க முடியாதுன்னா முறையையும் விக்க முடியாது மாஸ்டர்."

வேறு கதியில்லை. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, அளவு நாடாவைக் கழற்ற மறந்து உள்ளே போனார். பாட்டிலில் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தெரியாததால் பாட்டிலையே கவிழ்த்தார். கண் எரிந்தது. இருமிக்கொண்டே தேய்த்தார். தேய்க்கிறபோது ஒரு விஷயம் உறைத்தது: சுவரோரம் பீடித் துண்டு கிடந்தது, தேநீர்க் கோப்பை கிடந்தது, துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டித் துணுக்குகளும் கிடந்தன. சுண்ணக்கட்டி வைத்திருக்கிற ஆள் அந்தக் கூடத்தில் ஒருவர்தான். எத்தனை வருஷமாக இப்படி வீசிக்கொண்டிருக்கிறார்! திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிற இடம் என்பதால் ஞாபகமே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே குனிந்து பொறுக்கினார். பொறுக்கும்போது, "எவன்டா இவன், அறிவுகெட்டவன்" என்று பழக்கதோஷத்தில் வாயில் வந்ததைப் பாதியிலேயே விழுங்கினார்.

வெளியே வந்தால் எதிரே மனைவி. மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க வந்திருக்கிறாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "நல்லாத்தானே செய்றீங்க" என்றாள். "அப்ப ஞாயித்துக்கிழமையிலிருந்து வீட்டுலயும் முறை வச்சுக்கலாம்." கேட்டுக்கொண்டிருந்த காஜா அக்கா, "நான் ஆதரிக்கிறேன்" என்று கையைத் தூக்கினாள்.

கழிவறை இப்படிச் சுமுகமாக ஒரு வழிக்கு வந்தது. வராதது தலைவர்தான்.

முதல் வாரம் கூட்டுகிற அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இரண்டாவது வாரம் சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் மேசையில் ஒரு மணி வந்தது. அடித்தால் யாராவது ஓடிவர வேண்டும். ஓடி வந்தால், "ஒண்ணுமில்லை, மணி வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்பாள். வேலை நேரத்தில் பேசக்கூடாது என்றாள். ஃபோனை எல்லாம் ஒரு கூடையில் போட வேண்டும் என்றாள். கூடையிலிருக்கிற ஃபோன் அடித்தால் அவளே எடுத்துப் பேசினாள். இஸ்திரி அண்ணனின் மாமியாரோடு அவள் நெடுநேரம் பேசிச் சிநேகிதமாகிவிட்டதில் அவருக்கு வீட்டில் நிம்மதி போயிற்று.

"அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பான்" என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார். ஆனால் வயிற்றெரிச்சல் முழுக்க அவள்மேல் மட்டும் இல்லை. அந்த மணி யோசனை அவருக்கே இருந்தது. அவர் நினைத்து வைத்திருந்தது இன்னும் பெரிய மணி.

ஒரு நாள் ஓட்டல் மேலாளர் வந்தார். ஓட்டல் ஆட்கள் அத்தனை பேருக்கும் புதுச் சீருடை, அடுத்த வெள்ளிக்கிழமை வேண்டும் என்றார். "ஆகட்டும்" என்றாள் தலைவர், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல். அவர் படியிறங்கியதும் ஓவர்லாக் பெண் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு எப்படி முடியும்? எங்ககிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"தலைவர் சொன்னா சொன்னதுதான். போய் உக்காரு."

"பெரிய தலைவர்! போன மாசம் வரைக்கும் கக்கூஸ் கழுவின ஆளு, எனக்கு உத்தரவு போடுறீங்களா?"

மெஷின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. தலைவரின் முகம் கறுத்தது. மணியை எடுத்து ஓங்கி அடித்தாள். "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். படிக்கட்டில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து மட்டும் ஆவி வந்துகொண்டிருந்தது.

மாஸ்டர்தான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஏன் வைத்தார் என்று பிற்பாடு யோசித்தபோது அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நேராகப் படியிறங்கிப் போய், இரும்புக்கடை வாசலில் நின்றிருந்தவளை, "மேல வா" என்றார்.

"நான் வரமாட்டேன் மாஸ்டர். அவங்கதான் வேலையை விட்டு எடுத்துட்டாங்களே."

"முதலாளியை யாரு வேலையை விட்டு எடுக்கிறது? வா."

அவளைக் கூட்டிவந்து, "கூட்டத்தைக் கூட்டுங்க" என்றார்.

"நான்தானே தலைவர், நான்தான் கூட்டணும்" என்றாள் கூட்டுகிற அக்கா.

"அப்ப கூட்டுங்க."

வெட்டும் மேசையைச் சுற்றி மறுபடி ஆறு பேரும். மாஸ்டர் எழுந்து நின்றார். துணியைத் தடவினார்.

"ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு சொன்னப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. மறைக்க என்ன இருக்கு. ஆனா இப்ப சொல்றேன். இந்தப் பொண்ணுக்கு இங்க ஆறுல ஒரு பங்கு. அவளை வெளிய போன்னு சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. எனக்கும் இல்லை. நாளைக்கு என்னைச் சொல்வீங்க, நாளன்னிக்கு நான் வந்து உக்காந்து உங்களைச் சொல்வேன்."

"நீங்க இந்த நாற்காலியில இருந்திருந்தா அவளை விட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள் தலைவர். "அவ பேசினதை நீங்களும் கேட்டீங்கதானே?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "விட்டிருக்க மாட்டேன். உங்களுக்கு முன்னாடியே துரத்தியிருப்பேன். ரெண்டு மணி அடிச்சிருப்பேன்."

காலர்காரர் புரையேறிச் சிரித்தார்.

மாஸ்டர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ சொன்னதும் சரியில்லை. ஏன், நானும்தான் கக்கூஸ் கழுவினேன். போன வாரம் நீயும் கழுவினே. அதுக்கப்புறம் என்னை என்னன்னு கூப்பிடுறே?"

அவள் தலையைக் குனிந்தாள். "மாஸ்டர்னு."

"நான் ஒரு வாரம் கழுவினவன். இவங்க எத்தனையோ வருஷமா நமக்கெல்லாம் கழுவினவங்க. அதுக்கு இவங்களைக் குறைச்சலா பேசுறதா? நானும் 'ஏம்மா, இந்தாம்மா'ன்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். என் பங்கும் அதுல இருக்கு."

அப்புறம் அந்தப் பெண் மெதுவாக, "மன்னிச்சிருங்கக்கா. எங்களைக் கேட்காம தேதி குடுத்ததுக்குத்தான் கோபம். வாய் அந்தப் பக்கம் போயிடுச்சு" என்றாள்.

கூட்டுகிற அக்கா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும்தான். யாரும் வாழ்நாள்ல என்கிட்ட 'முடியுமா'ன்னு கேட்டதில்லை. செய்னுதான் சொல்லியிருக்காங்க. அந்த ஆளு வந்து 'முடியுமா மேடம்'னு கேட்டான். மேடம்னதும் ஆகட்டும்னு வந்துடுச்சு."

இதற்கு எல்லாருமே சிரித்துவிட்டார்கள், அவளும்தான்.

அந்தப் பெண் வேலையில் இருக்கலாமா என்று கேட்டார்கள். ஆறு கையும் உயர்ந்தன. உயர்ந்திருந்த தன் கையைப் பார்த்துக் காலர்காரரே ஆச்சரியப்பட்டார். இனிமேல் தேதி கொடுப்பதற்கு முன் எல்லாரையும் கேட்க வேண்டும் என்றும், அவரவர் ஃபோன் அவரவரிடமே இருக்கட்டும் என்றும் முடிவாயிற்று. தலைவரை மாற்றலாமா என்று இஸ்திரி அண்ணன் ஆசையோடு இழுத்தார். "மூணு மாசம்னு நாமதானே சொன்னோம். முடியட்டும்" என்றார் மாஸ்டர். கூட்டுகிற அக்கா ஓட்டல் மேலாளருக்கு ஃபோன் போட்டு, "நான் மட்டும் சொன்னது செல்லாதுங்க, இங்க ஆறு பேரு இருக்கோம்" என்று சொல்லி இன்னும் பத்து நாள் வாங்கினாள். அந்தப் பத்து நாளும் நல்ல வேலை. தலைவரே பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். கோணலாகத் தைத்தாள். காஜா அக்கா ஒன்றும் சொல்லாமல் பிரித்துத் தைத்தாள்.

மூன்று மாதம் முடிந்து அடுத்த தேர்தல் வந்தது. இந்தத் தடவை யாரும் ஓட்டை வீணாக்கத் துணியவில்லை. கூட்டுகிற அக்காவுக்கு இரண்டு. மாஸ்டருக்கு நான்கு. ஆசைப்பட்ட நாற்காலியில் ஒருவழியாகப் போய் உட்கார்ந்தார். நிஜமாகவே அது சின்னது.

முதல் நாளே வெயில். துணியை விரித்து, அதன்மேல் அளவு வரைந்த தாள்களைப் பரப்பிவிட்டு, "காத்துல தாள் பறக்கும், ஜன்னலைச் சாத்திடுங்க" என்றார். தலைவரானபின் அவர் வாயிலிருந்து வந்த முதல் உத்தரவு அது. காலர்காரர் எழுந்து போய்ச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு பாருங்க தெரியும்" என்றார் இஸ்திரி அண்ணன். "எனக்கு வேர்வையில சட்டை பிழியலாம்."

"திறந்துவிடுங்க" என்றாள் காஜா அக்கா.

"ஓட்டுக்கு விடுங்க தலைவரே" என்றாள் ஓவர்லாக் பெண்.

விட்டார். திறந்திருக்க வேண்டும் என்பதற்கு ஐந்து கைகள், அதில் கூட்டுகிற அக்காவின் கை எல்லாவற்றையும்விட உயரமாக. சாத்த வேண்டும் என்பதற்கு ஒரு கை, அதுவும் தலைவருடையது. அவர் ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா இருங்கடா" என்று முனகிக்கொண்டே எழுந்து போய், தாழ்ப்பாளை நீக்கி, ஜன்னலைத் திறந்துவிட்டார். ஒரே காற்று. சட்டைக் கை வரைந்த தாளும் முதுகு வரைந்த தாளும் கூடம் முழுக்கப் பறந்தன. ஆறு பேரும் அவற்றைப் பிடிக்க ஓடினார்கள்.